சீப்ரைட் கோழியும் ஒரு மாணவனின் கேள்வியும்

கோழி மனிதனோடு வாழத் தொடங்கி மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகின்றது. தென்கிழக்கு ஆசியக் காடுகளில் திரிந்த செந்நிறக் காட்டுக்கோழியே வீட்டுக்கோழிகளின் முதன்மையான மூதாதை என்பர் அறிஞர். விடியலை அறிவிக்கவும், சண்டையிட்டுக் களிப்பூட்டவும், முட்டையும் இறைச்சியும் தரவும் மனிதன் அதனை வளர்த்தான். வேறு பயன் எதனையும் கருதாமல், கண்ணுக்கு அழகு என்ற ஒன்றையே கருதி ஒரு கோழியினத்தை உருவாக்க முயன்றவர்களும் உண்டு. அத்தகைய முயற்சி ஒன்றின் வரலாற்றையே இன்று மாணவர்களாகிய உங்களுக்குக் கூற விரும்புகின்றேன். சிறிய பறவையின் கதைதான்; ஆயினும் அறிவியல் வளர்ந்த வழியையும், ஆசிரியனாகிய நான் தவறிய இடத்தையும் அது ஒருங்கே காட்டும்.

இங்கிலாந்தில் ஹெர்ட்பர்ட்ஷயர் என்னும் பகுதியில் பீச்வுட் என்றொரு மாளிகை உண்டு. இன்று அது பள்ளிக்கூடமாக விளங்குகின்றது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் அம்மாளிகையில் வாழ்ந்தவர் சர் ஜான் சாண்டர்ஸ் சீப்ரைட் என்னும் பிரபு. 1767-இல் பிறந்து 1846-இல் மறைந்தவர். 1807 முதல் ஏறத்தாழ இருபத்தேழு ஆண்டுகள் தம் பகுதியின் சார்பில் பாராளுமன்றத்தில் வீற்றிருந்தவர். வாக்குரிமையை விரிவாக்கிய புகழ்பெற்ற சீர்திருத்தச் சட்டம் 1832-இல் நிறைவேறியது என்பதை வரலாற்று நூல்களில் நீங்கள் படித்திருப்பீர்கள். அதன் முதல் மசோதாவை 1831-ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் லார்டு ஜான் ரஸ்ஸல் கொணர்ந்தபோது, அதனை வழிமொழிந்தவர் இந்தச் சீப்ரைட்தான். ஆயினும் இன்று அவர் பெயர் நிலைத்திருப்பது சட்டத்தாலன்று, ஒரு குள்ளக்கோழியால்தான்.

ஜாவாத் தீவில் பாண்டம் என்றொரு துறைமுகம் இருந்தது. அங்கிருந்து சென்ற மாலுமிகளின் வழியே, சிறு உருவமுள்ள கோழிகளுக்கு ஐரோப்பாவில் 'பாண்டம்' என்ற பெயர் வழங்கலாயிற்று. சீப்ரைட் பிரபு இத்தகைய குள்ளக்கோழி ஒன்றின் உடலில், ஒவ்வோர் இறகின் விளிம்பிலும் மைதீட்டினாற்போன்ற கருங்கரை ஓடவேண்டும் என்று ஆசைப்பட்டார். போலிஷ் எனப்படும் கொண்டைமயிர்க் கோழியின் சில வகைகளில் அத்தகைய கரையிட்ட இறகு உண்டு. அக்கோழியையும் குள்ளக்கோழிகளையும் கலந்து, பிறந்த குஞ்சுகளுள் தக்கவற்றை மட்டும் பொறுக்கி, மீண்டும் மீண்டும் இணைசேர்த்தார். இவ்வாறு பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொன்னிறம், வெண்ணிறம் என்னும் இருவகைச் சீப்ரைட் கோழிகள் தோன்றின. வளர்ந்த சேவலின் எடை ஏறத்தாழ 600 கிராம். பெட்டையின் எடை அதனினும் குறைவு.

இக்கோழிக்கு வேறொரு தனித்தன்மையும் உண்டு. சேவல் என்றால் நமக்கு நினைவுக்கு வருவன யாவை? கழுத்தில் கூர்நுனி கொண்ட நீண்ட இறகுகள். வாலில் அரிவாள்போல் வளைந்து தொங்கும் இறகுகள். சீப்ரைட் சேவலுக்கு இவை இரண்டும் இல்லை. கூவும், பெட்டையைத் துரத்தும், கொண்டையும் பெரிதாக இருக்கும். இறகு மட்டும் முற்றிலும் பெட்டையின் இறகே. கரையிட்ட அழகு முழுவதும் உடலெங்கும் ஒரே சீராகத் தெரியவேண்டும் என்பதற்காக, பெட்டையிறகு கொண்ட சேவல் ஒன்றைத் தேடிப்பிடித்து அவர் தம் கோழிகளோடு கலந்தார். பின்னர் அவரும் நண்பர்களும் ஒரு சங்கம் அமைத்து, லண்டனில் காப்பி விடுதி ஒன்றில் ஆண்டுதோறும் கூடித் தத்தம் கோழிகளை ஒப்பிட்டுப் பரிசளித்து மகிழ்ந்தனர். தனி ஓரினக் கோழிக்கென அமைந்த சங்கங்களுள் அதுவே மிகப் பழையவற்றுள் ஒன்று.

இவ்விடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1809-ஆம் ஆண்டில் சீப்ரைட், அறிஞர் சர் ஜோசப் பாங்க்ஸுக்கு எழுதிய நீண்ட கடிதம் ஒன்று சிறு நூலாக வெளிவந்தது. வீட்டுவிலங்குகளின் இனத்தைச் செம்மைப்படுத்தும் கலையைப் பற்றியது அது. நெருங்கிய உறவுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக இணைசேர்த்தால் நேரும் கேட்டினை அவர் அதில் மறைக்காமல் எழுதினார். அவ்வாறு தாம் சோதித்த நாய்கள் வலிவிழந்து சிறுத்தன என்றும், கோழிகள் கால் நீண்டு, உடல் குறுகி, இனப்பெருக்கத்தில் தாழ்ந்தன என்றும் ஒப்புக்கொண்டார். அறிந்தே எச்சரித்த அவருடைய கோழியே, பிற்காலத்தில் அவ்வெச்சரிக்கைக்குச் சான்றாக நின்றது. குறுகிய கூட்டத்திற்குள்ளேயே பெருக்கப்பட்ட சீப்ரைட் இனத்தில் கருவுறாத முட்டைகள் மிகுந்தன. பொரித்த குஞ்சுகளும் பல மடிந்தன. அழகு வளர்ந்தது; உயிர்வலிமை குன்றிற்று.

இனி என் கதைக்கு வருகின்றேன். தலைமையாசிரியர் ஆவதற்கு முன் நான் உயிரியல் கற்பித்துவந்தேன். ஒருநாள் வகுப்பில், சேவலின் அழகிய இறகுகளுக்கு அதன் ஆண்மைச் சுரப்பியின் ஹார்மோனே காரணம் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். கடைசி வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, எங்கள் வீட்டுக் கிழட்டுப் பெட்டைக்குச் சேவலிறகு முளைத்திருக்கிறது, சில நாளாகக் கூவவும் கூவுகிறது. அதற்கு எங்கிருந்து ஆண் சுரப்பி வந்தது?" என்று கேட்டான். நான் சிரித்தேன். வகுப்பும் சிரித்தது. பெட்டைக்கோழி கூவிப் பொழுது விடியாது என்னும் பழமொழியைச் சொல்லி, "நீ நன்றாகப் பார்த்திருக்கமாட்டாய், உட்கார்" என்றேன். அவன் உட்கார்ந்தான், அந்த ஆண்டு முழுவதும் வேறொரு கேள்வியும் கேட்கவில்லை.

அவன் பார்த்தது உண்மை என்பதைச் சீப்ரைட் கோழியின் வரலாற்றைப் படித்தபோதுதான் உணர்ந்தேன். சார்லஸ் டார்வின் 1868-இல் வெளியிட்ட நூலில் சூற்பை நோயுற்ற சீப்ரைட் பெட்டை ஒன்றைக் குறிப்பிடுகின்றார். முதுமையில் அதற்குச் சேவலுக்குரிய இறகுகள் தோன்றின. அவ்வினத்துச் சேவல்களுக்கே இல்லாத வளைந்த வாலிறகு அந்தப் பெட்டைக்கு முளைத்தது! பல தலைமுறைகளாக வெளிப்படாதிருந்த முன்னோரின் தன்மை, உள்ளே மறைந்திருந்து மீண்டும் தலைகாட்டியது என்பதற்கு அதனை அவர் எடுத்துக்காட்டாக வைத்தார்.

அடுத்த படியை ஏறியவர் அமெரிக்க அறிஞர் தாமஸ் ஹன்ட் மார்கன். குரோமோசோம் ஆராய்ச்சிக்காக 1933-இல் நோபல் பரிசு பெற்றவர். அவர் சீப்ரைட் சேவல்களின் விதைகளை அறுவை செய்து நீக்கிப் பார்த்தார். நான் வகுப்பில் சொன்ன விதி சரியாயின், அவை மேலும் பெட்டைத்தன்மை அடைந்திருக்கவேண்டும் அன்றோ? நேர்மாறாக நடந்தது. புதிதாக முளைத்த இறகுகள் நீண்டு, வளைந்து, பளபளக்கும் சேவலிறகுகளாகவே வந்தன. 1919-இல் இம்முடிவுகளை அவர் நூலாக வெளியிட்டார்.

இதன் பொருள் என்ன? கோழிக்கு இயல்பாக முளைப்பது சேவலிறகே. பெட்டையின் சூற்பையில் சுரக்கும் பெண் ஹார்மோன்தான் அதனைத் தடுத்துப் பெட்டையிறகாக மாற்றுகின்றது. ஆகவே சாதாரணச் சேவலின் விதைகளை நீக்கினால் கொண்டை சுருங்கும், இறகு மாறாது. பெட்டையின் சூற்பை நோயால் அழிந்தால் தடை நீங்கும், சேவலிறகு தோன்றும். சீப்ரைட் சேவலிலோ, விதைகள் சுரக்கும் ஆண் ஹார்மோனைத் தோலே பெண் ஹார்மோனாக மாற்றிவிடுகின்றது. விதைகளை நீக்கியதும் மாற்றுவதற்குரிய மூலப்பொருள் இல்லாமற் போகின்றது, சேவலிறகு திரும்புகின்றது. இம்மாற்றத்தைச் செய்யும் நொதியின் மரபணுவை ஒட்டி, பண்டொரு காலத்தில் வைரஸின் மரபுத்துண்டு ஒன்று புகுந்து தங்கியதே இதற்குக் காரணம் என்று பின்வந்த ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தனர். அழகை விரும்பிய பிரபு தாம் அறியாமலேயே, ஹார்மோன்களின் இரகசியத்தைத் திறக்கும் திறவுகோலை விஞ்ஞானிகளுக்கு விட்டுச்சென்றார்.

பல ஆண்டுகள் கழித்து, ஒரு திருமணத்தில் அம்மாணவனைச் சந்தித்தேன். அவன் சொன்னது உண்மை என்றும், நான் சொன்னது பிழை என்றும் கூறினேன். அவன் புன்னகை செய்தான். "அந்தக் கோழியை அன்று மாலையே அறுத்துவிட்டார்கள், ஐயா. பெட்டை கூவினால் குடும்பத்துக்கு ஆகாது என்றாள் பாட்டி. பள்ளிக்கூடத்தில் காரணம் தெரிந்துவந்து சொல்கிறேன், அதுவரை விட்டுவையுங்கள் என்று சொல்லித்தான் வந்தேன்" என்றான். எனக்கு விடை தெரியாதிருந்தது குற்றமன்று. தெரியாது என்று சொல்லாதிருந்ததே குற்றம்.

இத்தகைய அழகுக்கோழியை நம் வீட்டில் வளர்க்கலாமா என்று சில இளைஞர்கள் என்னைக் கேட்பதுண்டு. பயன் கருதி வளர்ப்போருக்குச் சீப்ரைட் ஏற்றதன்று என்பதே என் கருத்து. ஆண்டிற்கு 60 முதல் 80 வரையிலான சிறு முட்டைகளே கிடைக்கும். அடைக்கு உட்காரும் இயல்பும் குறைவு. வேறு கோழியைக் கொண்டோ பொரிப்பான் கொண்டோதான் குஞ்சு எடுக்கவேண்டும். மாரெக் என்னும் நோய் இக்குஞ்சுகளை எளிதில் தாக்கும். பொரித்தவுடனே தடுப்பூசி போடவேண்டும். உயரப் பறக்குமாதலின் மேலே வலையிட்ட கூண்டு தேவை. புறக்கடையில் மேய்ந்து, தானே அடைகாத்து, தன் குஞ்சுகளைத் தானே காக்கும் நாட்டுக்கோழியே முதன்முதல் வளர்ப்போருக்கு உகந்தது.

ஆயினும் பொறுமையும் குறிப்பேடும் உடைய ஒருவர் இதனை வளர்க்க விரும்பினால், நான் தடுக்கமாட்டேன். உருவம் சிறியது, இடம் அதிகம் வேண்டாம், தீனியும் குறைவு. வளர்ப்போர் குறைந்தால் அருகிப்போகும் இனங்களுள் இதுவும் ஒன்று. ஆனால் இரண்டு விதிகளை மறத்தல் ஆகாது. ஒன்று, உடன்பிறந்த குஞ்சுகளையே மேலும் மேலும் இணைசேர்க்காமல், உறவற்ற இடத்திலிருந்து சேவல் கொணரவேண்டும். மற்றொன்று, பரிசு பெறும் இறகையே பாராமல், நன்கு கருவுற்ற முட்டைகளைத் தரும் பறவைகளையே இனவிருத்திக்குப் பொறுக்கவேண்டும். வால் சற்றே நீண்ட சேவல், கண்காட்சியில் தோற்றாலும் குஞ்சு தருவதில் சிறந்தது என்பது அனுபவம் மிக்க வளர்ப்பாளர்களின் கூற்று.

மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டுப் புறக்கடையில் புத்தகத்திற்கு மாறான ஒன்றைக் கண்டால், அன்றே நாளும் இடமும் குறித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் சிரித்தாலும் அத்தாளைக் கிழித்தெறியாதீர்கள். ஆசிரியர்களாக வரப்போகும் உங்களுட் சிலருக்கும் ஒரு சொல்: கடைசி வரிசை மாணவன் கேட்கும் கேள்விக்கு விடை தெரியாவிட்டால், "வா, உன் வீட்டிற்குச் சென்று அந்தக் கோழியைப் பார்ப்போம்" என்று சொல்லுங்கள். நான் அன்று சொல்லியிருக்க வேண்டிய விடை அதுவே.