வில்சன் தேற்றமும் இப்னு அல்-ஹைதமும்

ஒன்றினும் பெரியதாய், ஒன்றாலும் தன்னாலுமன்றி வேறெந்த முழுவெண்ணாலும் மீதியின்றி வகுபடாத எண்ணை ஈழத்துப் பாடநூல்கள் முதன்மை எண் என்றும், தமிழகத்தார் பகா எண் என்றும் வழங்குவர். அவ்வெண்களின் பண்பொன்று வில்சன் தேற்றம் என்னும் பெயராற் பயிலப்படுகின்றது. அப்பெயர் வரலாற்றுக்கு எத்துணைப் பொருத்தமுடையது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓர் எண் முதன்மை எண்ணாயின், 1 தொடக்கம் அதற்கு முந்திய எண் வரையுள்ள யாவற்றையும் பெருக்கி 1ஐக் கூட்ட வருந்தொகை அவ்வெண்ணால் மீதியின்றி வகுபடும். 7ஐ எடுத்துக்கொள்வோம். 1 முதல் 6 வரை பெருக்க 720. 1ஐக் கூட்ட 721. இது 7இன் 103 மடங்காகும். முதன்மையல்லாத 6க்கோ 121 கிடைக்கும். அது 6ஆல் வகுபடாது.

கேம்பிறிட்ஜ் பேராசிரியர் வேரிங் 1770இல் வெளியிட்ட நூலில் இதனைத் தம் மாணவர் ஜோன் வில்சனுக்கு உரித்தாக்கினார். இருவரும் அதனை நிறுவினாரல்லர். 1771இல் நிறுவியவர் லக்ராஞ்சி ஆவார்.

ஆயின், பஸ்றாவில் 965ஆம் ஆண்டளவிற் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்-ஹைதம், வில்சனுக்கு ஏழு நூற்றாண்டுகட்கு மேல் முற்பட்டே இப்பண்பினை அறிந்திருந்தார். 2, 3, 4, 5, 6 என்பவற்றால் வகுக்க 1 எஞ்சுவதும், 7ஆல் மீதியின்றி வகுபடுவதுமான எண் யாது என்னும் வினாவுக்கு அவர் காட்டிய விடைகளுள் ஒன்று மேற்கூறிய 721 ஆகும். இது முதன்மை எண்கள் யாவற்றுக்கும் உரிய பண்பெனவும் அவர் கூறினார். இச்செய்தியை 1980இல் விரிவாக ஆராய்ந்து வெளிப்படுத்தியவர் ருஷ்தி ராஷித் என்னும் ஆய்வாளர்.

கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று முதலாய ஊர்களிலிருந்து பல்கலைக்கழகம் புகும் நம் மாணவர்க்கு இது பெருமிதந் தருதல் இயல்பே. எனினும் அறிந்தமை வேறு, நிறுவியமை வேறு. அவர் அவ்விடத்து நிறுவல் எதனையுந் தந்தாரல்லர். வில்சனுக்கு மிகைபடப் புகழளித்த தவற்றை நாமும் மறுதலையாகச் செய்தலாகாது.

பேரெண்களைச் சோதித்தற்கு இத்தேற்றம் பயன்படாது. முந்திய எண்களனைத்தையும் பெருக்க வேண்டியிருத்தலே காரணம். 2024இற் கண்டறியப்பட்ட முதன்மை எண், 2இன் 136279841ஆம் வலுவிலிருந்து 1ஐக் கழிக்க வருவது. 4,10,24,320 இலக்கங்கள் கொண்டது. அதனை உறுதிசெய்த சோதனையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் லூக்காஸ் தொடக்கினார். 1930இல் லேமர் செப்பஞ்செய்தார். அது லூக்காஸ்-லேமர் சோதனை என இருவர் பெயரையுந் தாங்கி நிற்கின்றது.

அந்நேர்மை இத்தேற்றத்துக்கும் வேண்டற்பாலது. இப்னு அல்-ஹைதம் கூறியது, லக்ராஞ்சி நிறுவியது என நம் பாடநூல்கள் ஒரு வரி சேர்க்குமாயின், எவர் புகழுங் குறையாது, வரலாறும் பிழைபடாது.