காற்றின் கணக்கு

சென்ற ஆண்டு மழைக்காலத்தில், களனியில் வசிக்கும் என் அக்காவின் மகன் தன் மின்சாரச் சைக்கிளோடு ஈர வளைவொன்றில் சறுக்கி விழுந்தான். வீடு வீடாக உணவு கொண்டுபோய்க் கொடுப்பது அவன் தொழில். 2022இல் பெற்றோல் வரிசைகளில் நின்று சலித்து, மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டு வாங்கிய வண்டி அது. காறை எலும்பு முறிந்தது. ஆறு வாரம் உழைப்பில்லை.

பார்க்கப் போனபோது முற்றத்தில் நின்ற வண்டியின் தடித்த டயரை அழுத்தினேன். கருங்கல்!

"எவ்வளவு காத்து அடிச்சனி?"

"நாப்பது இறாத்தல், மாமா. அப்பாவின்ரை றலிக்கும் அவ்வளவுதானே அடிக்கிறவை?"

ஈரமும் வேகமும் கூடக் காரணங்கள்தாம். ஆயினும் அந்த நாற்பது ஒரு பழைய நம்பிக்கையின் எச்சம்.

இறப்பருக்கும் இந்தப் பகுதிக்கும் உறவு நீண்டது. பிரேசிலிலிருந்து விக்கம் கொண்டுசென்ற விதைகளில் முளைத்த கன்றுகள், 1876இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து கம்பஹாவின் ஹெனரத்கொடைக்கு வந்தன. 1888இல் பெல்பாஸ்ட் கால்நடை மருத்துவர் டன்லப் காற்று டயருக்குக் காப்புரிமை பெற்றார். 1960களில் சோவியத் உதவியுடன் களனியிலேயே அரச டயர்த் தொழிற்சாலை எழுந்தது. 1990களில் அது தனியார் கைக்குப் போனது. இவ்வளவு காலமும் சைக்கிளோட்டிகளிடம் நிலவிய எண்ணம் ஒன்றுதான்: டயர் ஒடுங்கட்டும், காற்று இறுகட்டும், வேகம் கூடும்.

இதற்கு எதிர்த்திசையில் போனவர்கள் அலாஸ்காவின் பனித்தடங்களில் சைக்கிள் ஓட்டியவர்கள். புதையாமலிருக்க இரண்டு சக்கர வளையங்களைச் சேர்த்துப் பற்றவைத்து, அகன்ற டயரில் காற்றைக் குறைத்தார்கள். 2005இல் சர்லி நிறுவனத்தின் 'பக்ஸ்லி' வண்டி அதைக் கடைக்குக் கொண்டுவந்தது. மின்மோட்டார் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

டயரின் துணிப்பின்னலில் விழும் இழுவிசை, காற்றழுத்தத்தோடு மட்டுமன்றி அகலத்தோடும் சேர்ந்து பெருகும். ஒன்றரை அங்குல றலி டயரில் 40 இறாத்தல் தரும் இறுக்கத்தை நான்கு அங்குல டயரில் 15 இறாத்தலே தந்துவிடும். இன்னொரு கணக்கு: ஆளும் வண்டியுமாக 110 கிலோ என்று வைத்தால், 40 இறாத்தலில் இரு டயர்களும் சேர்ந்து நிலத்தைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 39 சதுர சென்ரிமீற்றர்; 20இல் அதன் இரு மடங்கு. ஈரத் தாரில் பிடிமானம் அந்தச் சிறு பரப்பில்தான் இருக்கிறது.

அதற்காக மிகவும் குறைக்கவும் கூடாது. குழியில் வளையம் மோதி டியூப் கிழியும். மின்கலமும் விரைவில் இறங்கும். மணலுக்கு 8, 10 போதும். தார் வீதிக்கு ஏறத்தாழ 20. எடை பின்னால் கூடுதலாகையால் பின்சக்கரத்துக்கு இரண்டு மூன்று கூட்டலாம். டயரின் பக்கத்தில் அச்சிட்டிருப்பது உச்ச வரம்பு. அதை எட்ட வேண்டுமென்ற கட்டாயமில்லை. அவனுடைய டயரில் அது 30. அவன் பார்க்கவேயில்லை.

இப்போது முன்னால் 18, பின்னால் 21 வைத்து ஓடுகிறான். காற்றடிக்கும் கடையின் பெரிய மானி இந்தச் சிறு அளவுகளைச் சரியாகக் காட்டுவதில்லை என்று, புறக்கோட்டையில் சிறிய மானியொன்று வாங்கிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறான்.