துப்பாக்கிக் குண்டின் வேகத்தை அளந்தவர்

கல்லூரியில் இயற்பியல் படிக்கும் மாணவர் எவரும் தப்ப முடியாத கணக்கு ஒன்று உண்டு. தொங்கும் மரக்கட்டை ஒன்றில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து தங்கிவிடுகிறது. கட்டை ஊசலாடி இவ்வளவு உயரம் எழும்புகிறது. குண்டின் வேகம் யாது? உந்த அழிவின்மை விதியைப் போட்டு விடையைக் கண்டதும் அடுத்த கணக்கிற்குப் போய்விடுகிறோம். இந்த ஊசலைக் கொண்டு குண்டின் வேகத்தை அளந்து, 1742ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்னும் ஆங்கிலேயர். அவர் உயிர் நீத்த இடம் இங்கிலாந்து அன்று, நம் கடலூர். இந்தச் செய்தியை நம் பாட நூல்கள் சொல்வதில்லை.

ராபின்ஸுக்கு முன் துப்பாக்கி சுடுதல் ஒரு கைப்பழக்கமாகவே இருந்தது. எங்கள் பாலவனத்தம், திருச்சுழிப் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் வேட்டுப் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். குழலுக்குள் மருந்தைக் கொட்டிக் கெட்டித்துத் திரியில் தீ வைப்பார்கள். ஒரு வேட்டு காதைப் பிளக்கும். அடுத்தது புஸ்ஸென்று போய்விடும். மருந்தின் அளவு, அதிலுள்ள ஈரம், கெட்டித்த இறுக்கம் ஆகியவற்றுள் எது மாறினாலும் விளைவு மாறுகிறது. அக்காலத் துப்பாக்கியும் இப்படித்தான் நிரப்பப்பட்டது. போதாக்குறைக்கு, ஈயக் குண்டு குழலின் உட்புறத்தைவிடச் சற்றுச் சிறியது. அது குழலின் சுவர்களில் இடறிக்கொண்டே வெளியேறும். ஒரே வீரன், ஒரே துப்பாக்கி, ஒரே இலக்கு. ஆனாலும் ஒரு குண்டு போன வழியில் மறு குண்டு போவதில்லை.

எறியப்பட்ட பொருள் பரவளைவுப் பாதையில் செல்லும் என்று கலீலியோ 1638இலேயே நிறுவியிருந்தார். காற்றில்லா வெளிக்குப் பொருந்தும் அந்த விதியைப் பீரங்கிக் கணக்குகளுக்கும் அப்படியே பயன்படுத்தி வந்தார்கள். குண்டு கனமானது, காற்றோ மெல்லியது. காற்றின் தடையைப் புறக்கணிக்கலாம் என்பது அவர்கள் வாதம். அது சரியா என்று பார்க்க வேண்டுமானால் குண்டின் வேகம் தெரிய வேண்டும். நொடியைப் பகுத்து அளக்கத்தக்க கடிகாரம் இல்லாத காலத்தில் அதை எப்படி அளப்பது?

ராபின்ஸ் 1707இல் பாத் நகரில், குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்த ஓர் எளிய குடும்பத்தில் பிறந்தார். போரே கூடாதென்னும் கொள்கையுடையவர்கள் குவேக்கர்கள். அந்த வீட்டுப் பிள்ளைதான் துப்பாக்கிக்கு அறிவியல் அடிப்படை வகுத்தார் என்பது விந்தைதான்! பெரும்பாலும் தாமாகவே கணிதம் கற்று, இருபது வயதில் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார்.

அவருடைய சூழ்ச்சி இதுதான்: கண்ணுக்குப் புலப்படாத பெருவேகத்தைக் கண்ணால் தொடரத்தக்க சிறு வேகமாக மாற்றிவிட வேண்டும். மரம் பொருத்திய இரும்புத் தகட்டை ஊசலாகத் தொங்கவிட்டார். அதன் எடை ஏறத்தாழ 56 பவுண்டு. குண்டின் எடை ஒரு பவுண்டில் 12இல் ஒரு பங்கு. ஊசலின் அடியில் கட்டிய நாடா ஒன்று, அடிபட்ட ஊசல் எவ்வளவு தூரம் விலகியது என்பதைக் காட்டும். குண்டு பட்ட இடம், ஊசலின் நிறை பரவியுள்ள விதம் முதலியவற்றையும் அவர் கணக்கில் சேர்த்தார். நாம் எளிமையாகவே பார்ப்போம். குண்டைப் போல் 672 மடங்கு கனமானது ஊசல். குண்டு தங்கியபின் மொத்தம் 673 மடங்கு. ஊசல் நொடிக்கு 2½ அடி வேகத்தில் நகர்ந்தால், குண்டு வந்த வேகம் 2½ × 673, அதாவது நொடிக்கு ஏறத்தாழ 1,680 அடி. ஒலியைவிட விரைவாகச் செல்லும் ஒன்றை ஒரு முழ நாடாவால் அளந்துவிட்டார்.

அடுத்து, ஊசலைச் சிறிது சிறிதாகத் தள்ளி வைத்துச் சுட்டார். துப்பாக்கியிலிருந்து 25 அடியில் வேகம் 1,670 அடி. 75 அடியில் 1,550 அடி. 125 அடியில் 1,425 அடி. மாணவர்கள் இந்த எண்களைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம். முதல் இரு வேகங்களின் வர்க்க வேறுபாட்டை, கடந்த தூரமாகிய 50 அடியின் இருமடங்கால் வகுத்தால் எதிர்முடுக்கம் 3,864 வருகிறது. புவியீர்ப்பு முடுக்கமோ 32.2. எனவே குண்டின் மீது காற்றின் தடை, குண்டின் எடையைப் போல் 120 மடங்கு! புறக்கணிக்கலாம் என்றார்களே, அந்தக் காற்றுதான் இது. காற்றே இல்லையெனில் 45 பாகைச் சாய்வில் சுட்ட இக்குண்டு 16 மைலுக்கு மேல் செல்ல வேண்டும். உண்மையில் அரை மைல்கூடச் செல்வதில்லை. வேகம் ஒலியின் வேகத்தை நெருங்கும்போது தடை திடீரென உயர்கிறது என்பதையும் அவர் கண்டார். வானூர்திகளைக் கட்டியவர்கள் இதே சிக்கலில் முட்டிக்கொண்டது இருபதாம் நூற்றாண்டில்தான்.

குண்டு பக்கவாட்டில் விலகுவது ஏன்? ஒரு துப்பாக்கிக் குழலின் நுனியை இடப்புறமாகச் சிறிது வளைத்து, எதிரே தாள் திரைகளை நிறுத்திச் சுட்டுக் காட்டினார். முதலில் இடப்புறம் சென்ற குண்டு, பிறகு வளைந்து வலப்புறம் போயிற்று. குழலின் வலச் சுவரில் உராய்ந்ததால் குண்டு சுழன்றது; சுழலும் குண்டைக் காற்று ஒரு பக்கமாகத் தள்ளியது. கிரிக்கெட்டில் சுழற்பந்து காற்றிலேயே விலகுவதும் இதனால்தான். ஒரு நூற்றாண்டு கழித்து ஆராய்ந்த மேக்னஸ் என்பவரின் பெயரால் இவ்விளைவு வழங்குகிறது. ராபின்ஸுக்கு இது அநீதி என்றே எனக்குத் தோன்றுகிறது. தாறுமாறான சுழற்சி குண்டைக் கெடுக்கிறதென்றால், செல்லும் திசையையே அச்சாகக் கொண்ட சுழற்சி அதை நிலைப்படுத்தும் அல்லவா? குழலின் உட்புறம் திருகு வரிகளை வெட்டிய ரைஃபிள் முன்பே இருந்தது. அது ஏன் குறி தவறுவதில்லை என்று 1747இல் விளக்கியவர் அவர்தான். இந்தப் படைக்கலத்தை முதலில் நன்கு பயன்படுத்தும் நாடு மற்ற நாடுகளை விஞ்சும் என்றும் அப்போதே சொன்னார்.

அவருடைய சிறு நூலை 1745இல் ஜெர்மன் மொழியில் பெயர்த்தவர் சாதாரண ஆளல்லர். கணித மேதை ஆய்லர். மூல நூலைவிட உரை பன்மடங்கு நீண்டது.

இன்று தோட்டா என்பது பித்தளைக் கூடு, அடியில் பற்றவைக்கும் மூடி, உள்ளே மருந்து, முனையில் குண்டு எல்லாம் ஒன்றாக அமைந்தது. 1884இல் பிரான்சில் வியேல் கண்டுபிடித்த புகையற்ற மருந்து, பழைய கருமருந்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆனால் ராபின்ஸின் சிக்கல் தீரவில்லை. மேலை நாடுகளில் நெடுந்தூரக் குறிசுடும் போட்டியாளர் பலர், துப்பாக்கியைக் கடையில் வாங்கினாலும் தோட்டாவைத் தாமே நிரப்பிக்கொள்கிறார்கள். நம் நாட்டில் உரிமமின்றி இதைச் செய்வது 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டப்படி குற்றம். ஆலையில் செய்த தோட்டா இருக்க, அவர்கள் ஏன் இவ்வளவு பாடுபடுகிறார்கள்? மீண்டும் ஒரு கணக்கு. 800 மீட்டர் தொலைவில் இலக்கு; குண்டின் வேகம் நொடிக்கு 800 மீட்டர். காற்றைச் சற்று மறந்துவிட்டால், ஒரு நொடியில் குண்டு 4.9 மீட்டர் தாழ்ந்துவிடும். அடுத்த தோட்டாவின் வேகம் 790 மீட்டராயின் தாழ்வு 5.02 மீட்டர். கை அசையவில்லை, கண் பிழைக்கவில்லை. ஆயினும் குண்டு 12 சென்டிமீட்டர் கீழே படுகிறது. காற்றையும் சேர்த்தால் வேறுபாடு இன்னும் கூடும். துப்பாக்கி எவ்வளவு நல்லதாயினும் இதைச் சரிசெய்ய இயலாது. எனவேதான் ஒவ்வொரு தோட்டாவும் முந்தையதைப் போலவே இருக்கும்படி மருந்தை நுண் தராசில் நிறுக்கிறார்கள். வேகத்தை அளப்பது இப்போது ஊசல் அன்று. ஒளியுணர் கருவியோ ரேடாரோ அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றி, 1749இல் திருப்பிக் கொடுத்தனர். இடைக்காலத்தில் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டையே சோழமண்டலக் கரையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமையிடமாயிற்று. தன் கோட்டைகளைச் சீரமைக்கக் கம்பெனி, தலைமைப் பொறியாளராக ராபின்ஸை அமர்த்தியது. 1750 ஜூலையில் வந்து இறங்கினார். வானியல் ஆய்வு செய்யலாமென்று கருவிகளையும் உடன் கொண்டுவந்திருந்தார். அவற்றுக்கு வேலை கொடுக்க நம் வெயில் விடவில்லை. செப்டம்பரிலேயே காய்ச்சலில் விழுந்தார். ஓரளவு தேறிக் கோட்டைகளுக்கான வரைபடங்களைத் தயாரித்தார். 1751 ஜூலை 29ஆம் நாள், கம்பெனி இயக்குநர்களுக்கு அறிக்கை எழுதிக்கொண்டிருக்கையில், கையில் பேனாவுடன் இறந்தார் என்பர். வயது நாற்பத்து நான்கு. அடுத்த மாதம் கிளைவ் ஆர்க்காட்டுக்குப் புறப்பட்டான். ஏழாண்டுகளில், 1758இல், பிரெஞ்சுத் தளபதி லாலி செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்து இடித்துவிட்டான்.