எழுதும் கையின் நோவு

பம்பாயிலும் தில்லியிலும் கல்கத்தாவிலும் ஒரு காலத்தில் தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் தமிழர் பலருக்குச் சோறிட்டன. அச்சோற்றை ஈட்டித் தந்த மணிக்கட்டின் நோவுக்கும் ஒரு வரலாறு உண்டு, நேயர்களே.

இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ராமத்சீனி, தொழிலாளர் பிணிகளைப் பற்றிய தம் நூலின் 1713-ஆம் ஆண்டுப் பதிப்பில் எழுத்தர்களின் துன்பத்தை ஆராய்ந்தார். ஓயாது அமர்ந்திருத்தல், கையின் ஒரே விதமான அசைவு, பிழை நேருமோ என்னும் மனக்கவலை ஆகிய மூன்றையும் காரணங்களாகக் காட்டினார். அவர் அறிந்த பத்திர எழுத்தர் ஒருவர், வலக்கை செயலற்றதும் இடக்கையால் எழுதப் பழகினார். விரைவில் அக்கையையும் அதே நோய் பற்றியது. கையை மாற்றியவர் வழக்கத்தை மாற்றவில்லை!

இன்றைய இயன்முறை மருத்துவர் மணிக்கட்டுக்குத் தாங்குகட்டும் மெல்லிய பயிற்சியும் அளிப்பதோடு, வேலைக்கு நடுவே ஓய்வையும் வற்புறுத்துவது இதனாலேயே.