மீனாட்சியம்மையின் பாட்டுப் புத்தகம்

அவிசாவளையிலிருந்து அட்டனுக்குச் செல்லும் பெருவழி, கித்துல்கலையைக் கடந்ததும் வளைந்து வளைந்து மலையேறிக் கினிகத்தேனையை அடைகிறது. நாவலப்பிட்டியிலிருந்து வரும் பாதையும் இங்கேதான் வந்து கூடுகிறது. தாழ்நிலத்து இறப்பர்த் தோட்டங்கள் பின்தங்க, தேயிலை மலைகள் அடுக்கடுக்காய்த் தோன்றும் வாயில் இது. இதற்கப்பால் வட்டவளை, அதற்கும் அப்பால் அட்டன்.

இம்மலைகளுக்குத் தமிழகத்திலிருந்து வந்தோர் கையிற் கொண்டுவந்த பொருள் சிறிது. நாவிற் கொண்டுவந்த பாட்டோ பெரிது. தெம்மாங்கும் தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் அவர்களோடு கடல் கடந்தன. பெரட்டுக் களத்தின் அதட்டல், கொழுந்து நிறுக்குமிடத்தில் கணக்கப்பிள்ளை கழிக்கும் இறாத்தல், லயத்தின் புகை, மழையில் நனைந்த கம்பளி ஆகிய யாவும் அப்பாடல்களுக்குள் மெல்லப் புகுந்தன. ஆயின் அவை அச்சிற்கென்று பிறந்தவையல்ல. பாடியவர் பெயரும் நிலைக்கவில்லை.

1940 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்னும் சிறு பாட்டுப் புத்தகம் இதற்கு மாறானது. அதற்கு ஆசிரியர் உண்டு. வெளிப்படையான நோக்கமும் உண்டு. இயற்றியவர் மீனாட்சியம்மை. தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் மனைவியார் அவர்.

நடேசய்யர் தஞ்சை மாவட்டத்தவர். ‘தேசபக்தன்’ என்னும் இதழை நடத்தியவர். கொழும்பில் ஏ. ஈ. குணசிங்காவுடன் சேர்ந்து தொழிலாளர் இயக்கத்தில் உழைத்துப் பின்னர்ப் பிரிந்தவர். 1931 இல் அட்டனை நிலைக்களமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளருக்கென ஒரு சம்மேளனத்தை நிறுவினார். 1936 இல் அட்டன் தொகுதியின் பிரதிநிதியாக அரசாங்க சபைக்குச் சென்றார். அந்நாளில் தோட்டம் என்பது தனியொரு நாடு. துரையின் அனுமதியின்றி அயலார் உள்ளே கால் வைத்தால் அத்துமீறிய குற்றமாகும். ஆகவேதான் ஐயர் ஒருகால் புடைவை வியாபாரியாக வேடம் பூண்டு தோட்டங்களுக்குட் புகுந்து தொழிலாளர் நிலையை நேரிற் கண்டறிந்தார். அவ்வாறான வேலிகளைக் கடப்பதற்குப் பாட்டைப் போன்ற துணை வேறில்லை. வேடம் புனைய வேண்டாத பயணி அது.

ஐயர் பேசும் கூட்டங்களில் அம்மையார் பாடுவார். பாரதியின் பாடல்கள் மலைநாட்டில் பரவியதில் அவருடைய குரலுக்குப் பங்குண்டு. பெண்ணொருத்தி பொதுமேடையில் ஏறி அரசியற் பாட்டுப் பாடுதல் அன்று எளிய செயலன்று. கொழுந்து கொய்வோர் பெரும்பாலும் பெண்களாயிருந்தும், கூட்டத்தில் அவர்கள் பின்வரிசையிலேயே நின்றார்கள். அவர்களுடைய காதுக்கு நேரே சென்றது அக்குரல்.

அக்காலத்துப் பாட்டுப் புத்தகம் எவ்வாறு உருவாயிற்று என்பதையும் நேயர்கள் அறிதல் நன்று. புதிய இசை அமைப்பதற்கு எவரும் முனைவதில்லை. மக்கள் முன்பே அறிந்த ஒரு மெட்டை எடுத்து, அதன் பெயரைப் பாட்டின் தலையில் குறித்து, அதற்கிசையப் புதிய சொற்களைக் கோப்பார்கள். 1931 இல் தமிழிற் பேசும்படம் தோன்றிய பின்னர்ப் படப்பாட்டு மெட்டுக்களும், இசைத்தட்டு வழியே பரவிய மெட்டுக்களும் இதற்குக் கைகொடுத்தன. சிலவே பக்கங்கள், மலிவான தாள், சில்லறைக் காசு விலை. லயத்தில் எழுத்தறிந்தவர் ஒருவர் இருந்தாற் போதும். அவர் வாசிப்பார், மெட்டு மற்றவர் நாவில் ஏற்கெனவே உள்ளது. மறுநாள் அப்பாட்டு மலையில் ஒலிக்கும்.

பழைய மெட்டையும் பழைய சொல்லையும் புதுக் காலத்திற்கு இழுத்துவரும் இந்த உத்தி மலைநாட்டிற்கு மட்டும் உரியதன்று. உக்ரேனில் 1970 ஆம் ஆண்டு வொலொதிமிர் இவாசியுக் என்னும் மருத்துவ மாணவர், கார்ப்பதிய மலைமக்களின் பழம்பாடலிற் கண்ட ஒரு மலரின் பெயரைக் கொண்டு ‘செர்வோனா ரூத்தா’ என்னும் பொப் பாடலைத் தம் மொழியில் ஆக்கினார். ரஷ்ய மொழி ஓங்கி நின்ற சோவியத் ஒன்றியம் முழுவதும் அது பரவிற்று. அங்கே தொலைக்காட்சியும் இசைத்தட்டும் இருந்தன. மீனாட்சியம்மைக்கு வாய்த்தவை மேடையும் அச்சகமுமே.

அச்சேற்றுவதற்கு 1940 ஏன் வேளையாயிற்று? முந்திய ஆண்டில் இலங்கை அரசு, தன் இலாகாக்களில் நாட்கூலிக்கு உழைத்த இந்தியரை வேலையினின்றும் நீக்கத் தொடங்கியது. அது குறித்துப் பேசுவதற்கு 1939 ஜூலையில் ஜவஹர்லால் நேரு கொழும்புக்கு வந்தார். இலங்கை இந்தியக் காங்கிரஸ் அப்பொழுதே பிறந்தது. இந்திய அரசு இலங்கைக்குத் தொழிலாளர் குடிபெயர்வதைத் தடைசெய்தது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிக்கு இரையானார். தோட்டத்து மக்கள் தம் காலின்கீழ் நிலம் நழுவுவதை உணர்ந்த காலம் அது.

அம்மையாரின் பாடல்கள் அவ்வச்சத்தை மூடி மறைக்கவில்லை. இந்நாட்டை வளப்படுத்திய உழைப்பு எவருடையது என்று அவை நினைவூட்டின. மந்திரிமாரின் போக்கைக் கண்டித்தன. இந்தியர் பிளவின்றி ஒன்றுசேர வேண்டுமென்று அழைத்தன. இவற்றை உயர்ந்த கவிதை என்று போற்றுதல் மிகையாகும். துண்டுப் பிரசுரத்தின் அவசரம் அவற்றிற் புலப்படுகிறது. ஆனால் பெண்ணொருத்தி தன் பெயரிட்டு, அமைச்சரை நோக்கித் தமிழிற் பாடிய துணிவை யாப்புக் கொண்டு அளத்தல் பொருந்தாது.

நூலின் பெயரையே சற்று உற்று நோக்குதல் வேண்டும். ‘இந்தியர்களது’ என்பது அதன் முதற்சொல். 1940 இல் அச்சொல் ஒரு கேடயம். கடலுக்கப்பால் தமக்காகப் பேச ஓர் அரசும் ஒரு காங்கிரசும் உண்டு என்னும் நம்பிக்கை அதில் இருந்தது. எட்டாண்டு கழிந்தபின் அச்சொல்லே அவர்களுக்கு எதிராகத் திரும்பிற்று. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. நடேசய்யர் அதனைக் காணவில்லை. 1947 இல் மறைந்தார்.

பாட்டுப் புத்தகங்கள் நூலகத்திற்கென்று அச்சிடப்படுவன அல்ல. கைமாறிக் கிழிந்து போவதே அவற்றின் இயல்பு. மீனாட்சியம்மையின் பெயரும் நெடுநாள் மறக்கப்பட்டிருந்தது. நடேசய்யரை ஆராய்ந்த சாரல்நாடன் போன்றோர் முயற்சியால் அது மீண்டும் பேசப்பட்டது. வட்டகொடைப் பகுதியில் மடக்கும்புரைத் தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளையோ, பெயரறியாத பாடகர்களின் நாட்டார் பாடல்களைத் தொகுத்து நூலாக்கினார்.

1964 இன் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் எனப் பிரிக்கப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரின் முடிவு ஒத்திவைக்கப்பட்டது. எஞ்சி நின்ற நாடற்றவருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003 இல் நிறைவேறியபொழுது, அம்மையாரின் பாட்டுப் புத்தகம் வெளிவந்து 63 ஆண்டுகள் ஆகியிருந்தன.