தந்தியும் மக்களும்

வெளி மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் முதியோரைக் கேட்டால், அவர்கள் ஒன்றை ஒரே குரலில் கூறுவார்கள். வாசலில் 'தந்தி' என்ற குரல் கேட்ட அளவிலேயே, உறையைப் பிரிப்பதற்கு முன்பாகவே, வீட்டில் அழுகை தொடங்கிவிடும். உள்ளே இருந்தது தேர்வில் வெற்றி பெற்ற செய்தியாகவோ, பேரன் பிறந்த செய்தியாகவோ இருத்தல் கூடும். ஆயினும் முதலில் எழுந்தது அச்சமே. இவ்வச்சத்தை அறியாமை என்று எள்ளியோர் உண்டு. புதிய கருவியைக் கண்டு மருள்வது நம் மக்களின் இயல்பு என்று எழுதியோரும் உண்டு. இம்முடிவு பொருந்துமா என்பதைத் தந்தியின் வரலாற்றைக் கொண்டே ஆராய்வோம்.

இந்தியாவில் தந்தியை நிறுவியவர் ஓஷாக்னெஸி என்னும் மருத்துவர். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் கற்பித்த அவர், 1839ஆம் ஆண்டிலேயே கல்கத்தாவுக்கு அருகே கம்பி கட்டிச் சோதனை செய்தார். கல்கத்தாவுக்கும் டயமண்டு துறைமுகத்துக்கும் இடையே 1850ஆம் ஆண்டில் தொடங்கிய பாதையே முதற்பாதை. அவருக்குத் துணை நின்றவர் சிவச்சந்திர நந்தி என்னும் வங்காளி. 1854 மார்ச்சில் ஆக்ராவிலிருந்து கல்கத்தாவுக்கு முதல் செய்தி சென்றது. அடுத்த சில ஆண்டுகளில் சென்னை, பம்பாய், பெஷாவர் ஆகிய நகரங்களும் இக்கம்பியால் இணைந்தன.

இவ்வளவு விரைவு எதற்காக? கம்பெனி ஆட்சியின் படைகளும் ஆணைகளும் விரைந்து செல்வதற்காகவே. 1857 மே 11ஆம் நாள் அதனை மெய்ப்பித்தது. மீரட்டிலிருந்து கிளர்ந்த சிப்பாய்கள் டில்லிக்குள் புகுந்த அன்று, டில்லித் தந்தி நிலையத்திலிருந்த இளைஞர் இருவர் அம்பாலாவுக்குச் செய்தி அனுப்பினர். அது பஞ்சாபுக்கு எட்டியது. லாகூரில் இந்தியச் சிப்பாய்களிடமிருந்து உடனே படைக்கலங்கள் பறிக்கப்பட்டன. கிளர்ச்சியாளரும் கம்பியின் ஆற்றலை நன்கு உணர்ந்திருந்தனர். சென்ற இடமெல்லாம் அதனை அறுத்தெறிந்தனர். தூக்குமேடைக்குக் கொண்டு செல்லப்பட்ட ஒரு வீரன், தந்திக் கம்பியைச் சுட்டி, தம்மை நெரித்த கயிறு அதுவே என்று கூறியதாக ஆங்கிலேயர் நூல்களில் ஒரு கதை வழங்குகிறது. கதை மெய்யோ பொய்யோ, அதிலுள்ள கருத்து மூடநம்பிக்கை அன்று. அக்கருவி யாருடைய கையில் இருந்தது, யாருக்கு எதிராகப் பயன்பட்டது என்பதை அறிந்தோர் கூறக்கூடிய சொல்லே அது.

வணிகர்கள் தந்தியைக் கண்டு அஞ்சவில்லை. பருத்தியின் விலை, அபினியின் விலை, கப்பலின் வருகை ஆகியவற்றை முன்கூட்டி அறிதல் அவர்களுக்குப் பொன்னாயிற்று. எளிய மக்களின் நிலையோ வேறு. தொடக்கக் காலத்தில் 16 சொற்களை 400 மைல் அனுப்பக் கட்டணம் ஒரு ரூபாய். அது ஒரு கூலியாளின் பல நாள் ஊதியம். பிற்காலத்தில் கட்டணம் குறைந்தபோதும், சொல்லுக்குச் சொல் காசு என்னும் முறை மாறவில்லை. நலம் விசாரிக்கக் கடிதம் போதும். அதற்குத் தந்தி வேண்டுவதில்லை. ஆகவே காத்திருக்க முடியாத செய்திக்கே ஏழைக் குடும்பம் தந்தியை நாடிற்று. காத்திருக்க முடியாத செய்தி பெரும்பாலும் நோயும் சாவுமே அன்றோ? ஊரில் தாய் கிடக்கிறாள் என்பதை பம்பாயிலும் கல்கத்தாவிலும் இருந்த மகனுக்கு உணர்த்த, உடனே புறப்படு என்னும் இரண்டு சொற்கள் போதுமாயின. அச்செய்தியும் ஆங்கிலத்திலேயே வந்தது. படிக்கத் தெரிந்த பள்ளி ஆசிரியரையோ அண்டை வீட்டாரையோ தேடி ஓடும் வரையில் வீடு உறைந்து நின்றது. இந்த நிலையில் எழுந்த அச்சம் அறியாமை ஆகாது, அது பட்டறிவு.

இதற்கு மொழியே சான்று பகர்கிறது. யாழுக்கும் வீணைக்கும் கட்டும் நரம்பைக் குறித்த 'தந்தி' என்னும் சொல்லை நம்மவர் இக்கருவிக்கு இட்டனர். 1942இல் ஆதித்தனார் மதுரையில் நாளிதழ் ஒன்றைத் தொடங்கியபோது அதற்குத் 'தினத்தந்தி' என்று பெயர் சூட்டினார். வீட்டு வாசலில் அஞ்சத்தக்கதாக இருந்த அதே சொல், தேநீர்க் கடையில் சுடச்சுட வந்த செய்திக்குப் பெயராயிற்று. மக்கள் கருவியை வெறுக்கவில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

விடுதலைக்குப் பின் தந்தி பரவிற்று. திருமண வாழ்த்தும் பண்டிகை வாழ்த்தும் அனுப்ப எண்ணிட்ட வாசகங்கள் இருந்தன. எண்ணைக் குறித்தால் போதும், முழு வாசகமும் உரியவரைச் சென்றடையும். கட்டணம் இளகியதும் தந்தியில் மகிழ்ச்சியும் பயணம் செய்தது. 1985ஆம் ஆண்டளவில் ஆண்டுக்குச் சுமார் 6 கோடி தந்திகள் சென்றன என்பது கணக்கு.

தொலைபேசியின் கதையும் இத்தகையதே. டிரங்க் காலுக்குப் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்த காலத்தில் அது செல்வர் வீட்டுப் பொருள். 1960இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே, இடையாள் இல்லாமல் நேரே எண்ணைச் சுழற்றிப் பேசும் எஸ்.டி.டி. வசதி வந்தது. 1984இல் தோன்றிய சி-டாட் நிறுவனம், நம் நாட்டுப் புழுதியையும் வெப்பத்தையும் தாங்கும் சிறிய இணைப்பகங்களை வடிவமைத்தது. அதன் பின்னரே தெருமுனைகளில் எஸ்.டி.டி. கூண்டுகள் பெருகின. கட்டணம் குறையும் இரவு வேளையில், மாதுங்காவிலும் கரோல்பாகிலும் நம்மவர் வரிசையில் நின்றனர். மீட்டரில் சிவந்த எண்கள் ஓடுவதைப் பார்த்தபடியே ஊரோடு பேசினர். அங்கே அச்சம் இல்லை. கருவியைக் காத்தவர் அண்டைவீட்டார், பேசியது தாய்மொழி, கட்டணமோ தாங்கக்கூடியது.

1995 ஜூலை 31ஆம் நாள், மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு நாட்டின் முதல் கைத்தொலைபேசி அழைப்பில் பேசினார். 2013 ஜூலை 15 முதல் தந்திச் சேவை நிறுத்தப்பட்டது. கடைசி நாளில் தந்தி அலுவலகங்களில் கூடியோர் பலர். ஒரு காலத்தில் கேட்டு நடுங்கிய பொருளை நினைவுக்காக வாங்கிச் சென்றனர்.

அச்சம் அத்துடன் அகன்றதா என்றால், இல்லை, இடம் மாறியது. 2012 ஆகஸ்டில், தாக்கப்படுவோம் என்னும் வதந்தி கைத்தொலைபேசிகள் வழியே பரவியதால், பெங்களூரிலிருந்து வடகிழக்கு மாநிலத்தார் ஆயிரக்கணக்கில் இரயிலேறினர். மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்புவதற்கு அரசு 15 நாள் வரம்பு விதித்தது. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்யான காணொளிகள் பரவின. அவை பொய் எனக் காவல்துறை அறிவித்தபோதும், அஞ்சி ஊர் திரும்பியோர் உண்டு. உற்றாரை விட்டு வேற்று மண்ணில் உழைப்போரே இவ்விரு வேளைகளிலும் நிலைகுலைந்தனர். நாமும் அத்தகையோரே என்பதை மறத்தலாகாது.

தந்திக் காலத்தில் செய்தி அருமையாயிருந்ததால் அஞ்சினோம். இன்று அது மலிந்துவிட்டதால் அஞ்சுகிறோம். எனினும் ஒரு வேறுபாடு உண்டு. தந்தியில் அனுப்பியவர் பெயர் இருந்தது. அனுப்பிய ஊர் இருந்தது. சொற்களை எண்ணிப் பெற்றுக்கொண்ட அலுவலர் ஒருவர் இருந்தார். இன்று கைக்கு வரும் செய்தியில் இவற்றுள் எதுவும் இல்லாமலும் போகலாம். ஆகவே ஊரைப் பற்றியோ, நாம் வாழும் நகரைப் பற்றியோ நெஞ்சை நடுக்கும் செய்தி வந்தால், அதனை நால்வருக்கு அனுப்புமுன், அனுப்பியவர் யார், எவ்வூரிலிருந்து என்று கேட்டறிதல் நம் கடன். நம் முன்னோர் தந்தி உறையைக் கையில் வாங்கியதும் முதலில் கேட்டதும் இக்கேள்வியைத்தான்.