மதுவிடுதியிலிருந்து மேடைக்கு: டப்ளினர்ஸ் இசைக்குழு

அயர்லாந்து என்றதும் இலக்கிய வாசகர்களாகிய நமக்கு யேட்ஸும் ஜாய்ஸும் பெக்கெட்டும் நினைவுக்கு வருவர். அந்நாட்டின் பாட்டு மரபு நம் காதுக்கு அவ்வளவாக எட்டியதில்லை. அதனுள் நுழைய நல்லதொரு வாசல் ‘டப்ளினர்ஸ்’ இசைக்குழு.

டப்ளின் நகரின் மெரியன் ரோ தெருவில் உள்ள ஓ'டோனஹூஸ் மதுவிடுதியில், 1962இல் கூடிப் பாடிய ரோனி ட்ரூ, லூக் கெல்லி, கியரன் போர்க், பார்னி மக்கென்னா ஆகிய நால்வரே குழுவின் தொடக்கம். முதலில் குழு ட்ரூவின் பெயராலேயே அழைக்கப்பட்டது. அது அவருக்கே பிடிக்கவில்லை. ஜாய்ஸின் ‘டப்ளினர்ஸ்’ (1914) சிறுகதைத் தொகுப்பை அப்போது வாசித்துக்கொண்டிருந்த கெல்லி, அத்தலைப்பையே குழுவுக்குச் சூட்டலாம் என்றார். 1964இல் வயலின் கலைஞர் ஜான் ஷீஹன் இணைந்தார்.

நாட்டுப்புறப் பாடல் மேடையேறினால் உயிரிழந்துவிடும் என்ற அச்சம் எங்கும் உண்டு. மேடை மெருகைக் கேட்கும். மெருகு ஏற ஏறப் பாடல் தன் ஊரை மறக்கும். டப்ளினர்ஸ் இதிலிருந்து தப்பியது எவ்வாறு? மதுவிடுதியின் வழக்கங்களை அவர்கள் மேடையிலும் கைவிடவில்லை என்பதே நாம் காணும் விடை. தாடியும் அன்றாட உடையுமாக நின்றனர். பாடல்களுக்கிடையே கதை பேசிச் சிரித்தனர். ட்ரூவின் கரகரத்த குரல் கரகரப்பாகவே இருந்தது. ஒருவர் தனித்துப் பாடினால் மற்றவர்கள் கருவிகளைத் தாழ்த்திக் காத்திருந்தனர். துணைக்கருவியின்றி ஒற்றைக் குரலில் பாடும் பழைய ஐரிஷ் மரபுக்கு அவர்கள் செய்த மரியாதை அது. எனினும் புதுமைக்கும் அவர்கள் கதவடைக்கவில்லை. அமெரிக்காவிலிருந்து வந்த நான்கு தந்தி பாஞ்சோவை வயலினுக்கு ஓர் எண்சுரம் கீழாகச் சுருதி கூட்டி வாசித்தார் மக்கென்னா. இன்று ஐரிஷ் இசையில் அதுவே வழக்கமாகிவிட்டது.

மரபுப் பாடகர் ஜோ ஹீனியிடம் ட்ரூ கற்ற ‘ஏழு குடிகார இரவுகள்’ 1967இல் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் ஏழாமிடம் பெற்றது. ஆபாசம் கருதி ஐந்து இரவுகளை மட்டுமே பாடியும், அயர்லாந்தின் அரசு வானொலி அதைத் தடைசெய்தது. கடலில் நின்ற கப்பலிலிருந்து ஒலிபரப்பிய கரோலைன் வானொலியே அதைப் பரப்பியது.

இலக்கிய உறவு பெயரோடு நிற்கவில்லை. 1946இல் நாளிதழில் வெளியான தம் ராக்லன் சாலைக் கவிதையைப் பாடும்படி கவிஞர் பாட்ரிக் கவனா ஒரு மதுவிடுதியில் கேட்டுக்கொண்டார் என்று கெல்லி கூறியிருக்கிறார். பழைய ஐரிஷ் மெட்டொன்றில் கெல்லி பாடிய பிறகு, அக்கவிதையைப் படித்தறியாதவர்களும் அதைப் பாடலாக அறிந்தனர்.

இழப்புகளும் மேடையிலேயே நேர்ந்தன. 1974இல் போர்க்கும், 1980இல் கெல்லியும் நிகழ்ச்சியின் நடுவே நோயால் சரிந்தனர். கெல்லி 1984இலும், போர்க் 1988இலும் மறைந்தனர், ட்ரூ 2008இல். ஐம்பதாம் ஆண்டான 2012இல் மக்கென்னாவும் மறைய, அவ்வாண்டின் இறுதியோடு குழு ஓய்வு பெற்றது. 2019இல் டப்ளின் நகரம் கெல்லிக்கு ஒரே நாளில் இரண்டு சிலைகள் திறந்தது.

கூட்டத்தில் ஒருவராக நின்று பாடியவர்களை அந்நகரம் தன்னவர்களாகவே வைத்திருக்கிறது. அவர்களது நேரடி நிகழ்ச்சிகளின் பதிவுகளைக் கேட்கையில், கூடவே பாடும் கூட்டத்தின் குரலையும் நாம் கவனிக்க வேண்டும். பாடலின் பாதி அங்கேதான் இருக்கிறது.